ஒன்பதாவது வெடி

ஜன்னலோரம் நீங்களே உட்காருங்கள், தம்பி. எனக்கு இந்தப் பக்கம்தான் தோது. படிக்கட்டு கண்ணுக்குத் தெரிய வேண்டும். பயமெல்லாம் இல்லை, பழக்கம். கிணற்றில் வேலை பார்த்தவன் எங்கே உட்கார்ந்தாலும் ஏறுகிற வழியைப் பார்த்துத்தான் உட்காருவான்.

நீங்கள் எதுவரை? பாப்பிரெட்டிப்பட்டியா? நல்லதாகப் போயிற்று. நான் அரூர் போய், அங்கிருந்து இன்னொரு வண்டி. கணவாய் ஏறி இறங்குகிற வரைக்கும் பேச்சுத்துணை ஆயிற்று. நானாக யாரிடமும் பேசுகிறவன் இல்லை. நான் இப்படிப் பேசுகிறேன் என்று என் மகள் சாலாவிடம் சொன்னால் நம்ப மாட்டாள். "எங்கப்பாகிட்ட ஒரு வார்த்தை வாங்கறதுக்குள்ள ஒரு பொழுது போயிரும்" என்பாள். இன்றைக்கு என்னவோ, ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்ததிலிருந்து வாய் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

எனக்கு ஒன்றும் இல்லை, தம்பி. மருமகனைப் பார்க்கத்தான் சேலம் வந்தேன். மாதேஷ் என்று பெயர். என் அக்கா மகன். என் மகளையே கட்டி வைத்தேன்.

வியாதி என்று சொல்ல முடியாது. கை கால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தூங்க மாட்டான். கண்ணை மூடினால் திடுக்கென்று எழுந்து வாசலுக்கு ஓடுவான். அடுப்பில் குக்கர் விசிலடித்தால் சட்டை இல்லாமல் தெருவில் போய் நிற்பான். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பெற்ற பிள்ளையைத் தொட மாட்டேன் என்கிறான். தர்ஷினி, நாலு வயசுக் குழந்தை. "அப்பா" என்று ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டால், இவன் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறான், துப்பாக்கி காட்டினவனுக்கு முன்னால் நிற்கிற மாதிரி. "என் கை பட வேணாம் சாலா, புள்ளையத் தூக்கிக்க, என் கை பட வேணாம்." இதே பேச்சு. குழந்தை அதை விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு அதுவும் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும்.

அதைப் பார்த்துத்தான் சாலா அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தாள். நான் வேண்டாம் என்றேன். மந்திரித்துக் கயிறு கட்டியாயிற்று, கொஞ்ச நாள் போனால் சரியாகிவிடும் என்றேன். அவள் கேட்கவில்லை. நேற்று போனில் கூப்பிட்டாள். "அப்பா, நீ வந்து டாக்டரம்மா முன்னால ஒரே ஒரு வார்த்தை சொன்னா போதும்ப்பா. இவரு வீட்டுக்கு வந்துருவாரு. பாப்பாவத் தூக்கிருவாரு. நீ சொன்னாத்தான் நம்புவாரு." ஒரு வார்த்தைதானே, மகள் கேட்கிறாளே என்று வந்தேன். சொல்லிவிட்டுத்தான் போகிறேன்.

என்ன வார்த்தை என்று கேட்கிறீர்களா? அதற்கு எங்கள் வேலையைச் சொல்ல வேண்டும்.

நாங்கள் கிணறு வெட்டுகிற ஆட்கள். எங்கள் பக்கம் பத்தடி மண், அதற்குக் கீழே கரும்பாறை. வெடி வைத்துத்தான் இறங்க வேண்டும். பாறையில் கம்ப்ரசர் வைத்துக் குழி போடுவார்கள். குழிக்குள் வெடிமருந்துத் தோட்டாவை இறக்கி, திரியை வெளியே விட்டு, மேலே மண் போட்டு இறுகக் குத்திக் கிட்டிப்பார்கள். எல்லாத் திரியையும் பற்ற வைத்துவிட்டு, கிரேன் தொட்டியில் ஏறி மேலே வந்துவிட வேண்டும். அப்புறம் ஒவ்வொன்றாக வெடிக்கும். குழி போடுவது சென்றாயன். மருந்து கிட்டித்துத் திரி பற்ற வைப்பது மாதேஷ். மேலே நின்று எண்ணுவது நான்.

சிரிக்காதீர்கள், எண்ணுவது பெரிய வேலை. எத்தனை குழியோ அத்தனை கல்லை வலது கையில் வைத்துக்கொள்வேன். ஒரு வெடி கேட்டால் ஒரு கல்லைக் கீழே போடுவேன். எல்லாம் முடிந்ததும் கையை விரித்து எல்லோருக்கும் காட்டுவேன். "கை காலி" என்று சத்தமாகச் சொல்வேன். அதற்கப்புறம்தான் யாரும் கிணற்றுப் பக்கம் வரலாம். கையில் ஒரு கல் மிச்சம் இருந்தால் ஒரு குழி பொய்த்துவிட்டது, உள்ளே உயிரோடு கிடக்கிறது என்று அர்த்தம். அன்றைக்குக் கிணற்றுக்காரர் காலில் விழுந்தாலும் இறங்க விட மாட்டேன். மறுநாள் நானே இறங்கி, அந்தக் குழியைத் தேடி, தண்ணீர் விட்டு ஊறவைத்து எடுத்த பிறகுதான் மற்றவர்கள் இறங்குவார்கள். நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். ஆனால் கணக்கில் தவறினவன் என்று எவனும் என்னைச் சொன்னதில்லை. சென்றாயன் எனக்கு வைத்த பெயரே கணக்குப்பிள்ளை. "கணக்குப்பிள்ளை மாமா, கண்ணாலத்துல பந்திக்கு எத்தினி எலை போட்டாங்க? சாம்பாருல எத்தினி கத்திரிக்கா மெதந்துது?" என்று வம்புக்கு இழுப்பான். நான் பதில் சொல்ல மாட்டேன். ஆனால் எத்தனை இலை என்று தெரியும்.

அவன்தான் செத்துப்போனான்.

பொறுங்கள்.

ஒன்றுமில்லை. டயர் எதன்மேலோ ஏறியது. வேகத்தடை போலிருக்கிறது. எந்தச் சத்தம் கேட்டாலும் அடுத்தது வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பேசுவேன். தொழில் பழக்கம். தொழிலை விட்டும் பழக்கம் போகவில்லை.

போன ஆடி மாசம் நடந்தது. எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஒருத்தர் தோட்டத்தில் கிணறு. தண்ணீர் ஊற்று லேசாகக் கசிகிற ஆழத்துக்கு வந்துவிட்டோம். இன்னும் இரண்டு சுற்று வெடி வைத்தால் தண்ணீர் பீய்ச்சும் என்று கிணற்றுக்காரருக்கு இருப்புக்கொள்ளவில்லை. அன்றைக்குச் சாயந்திரம் ஒன்பது குழி. மாதேஷ் ஒன்பதுக்கும் மருந்து கிட்டித்தான், பற்ற வைத்தான், மேலே வந்தான். நான் எண்ணினேன். ஒன்பதாவது கல்லையும் போட்டேன். கையை விரித்துக் காட்டினேன். "கை காலி" என்றேன். எல்லோரும் வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் காலையில் உடைந்த கல்லையெல்லாம் கிரேனில் ஏற்றி மேலே அனுப்பிவிட்டு, சென்றாயன் குழி போட இறங்கினான். போகும்போதுகூட என்னைச் சீண்டினான். "இன்னா கணக்குப்பிள்ளை, கை காலியா? எனக்கு வயிறும் காலி. மேல போயி ரெண்டு போண்டா வாங்கியாறது?" என்றான். மாதேஷும் கீழேதான் இருந்தான். தொட்டிக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றதால் பிழைத்தான். நான் பாதிக் கிணற்றில், பாறையில் விட்டிருந்த படிமேல் உட்கார்ந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். சென்றாயன் துளைபோடும் கம்பியைப் பாறையில் வைத்து அழுத்தினான். உள்ளே தோட்டா இருந்திருக்கிறது.

சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை, தம்பி. அதுதான் அதிசயம். அத்தனை சத்தம் கேட்டவன் நான், அது கேட்கவில்லை. புகை மட்டும் மெதுவாக மேலே வந்தது. சத்தத்தை அணைத்துவிட்டு டிவி பார்க்கிற மாதிரி இருந்தது. வேறு யாரோ ஒருத்தர் என் சட்டையைப் போட்டுக்கொண்டு கீழே இறங்கிப் போகிற மாதிரி இருந்தது. நான்தான் போனேன். நான்தான் சென்றாயனைத் தொட்டியில் எடுத்து வைத்தேன். எப்படி எடுத்து வைத்தேன் என்று கேட்காதீர்கள். அழவில்லை. மேலே வந்து கை கழுவிக்கொண்டு, சென்றாயன் பெண்டாட்டி பூங்காவனத்துக்குச் சொல்லியனுப்ப ஆளை ஏற்பாடு செய்தேன். கிணற்றுக்காரரே என்னைப் பார்த்துச் சொன்னார், "தீர்த்தகிரி மனசு கல்லு மனசுப்பா" என்று. மாதேஷ் ஒரு பக்கம் உட்கார்ந்து, மண்ணை அள்ளி அள்ளிக் கையில் தேய்த்துக்கொண்டிருந்தான்.

அவனை நான் விடவில்லை. நன்றாகப் பார்த்துக்கொண்டேன். அதில் யாரும் என்மேல் குறை சொல்ல முடியாது. முதல் நாளே வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், அந்தப் பேச்சு இந்த வீட்டில் எடுக்கக் கூடாது. சென்றாயன் பெயரைச் சொல்லக் கூடாது. பார்க்க வந்த சொந்தக்காரர்களை வாசலோடு காபி கொடுத்து அனுப்பினேன். பேப்பரில் போட்டிருந்த சேதியை அவன் கண்ணில் படாமல் எரித்தேன். காரியத்துக்குக்கூட அவனை விடவில்லை. பூங்காவனத்தைப் பார்த்தால் இன்னும் உடைந்துபோவான் என்று. அவனாகப் பேச வாயெடுப்பான். சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே, "மாமா, அன்னிக்கு நானு ஏழாவது குழியில..." என்று ஆரம்பிப்பான். "சாப்புடு" என்பேன். "இல்ல மாமா, அந்தத் திரி..." "சாப்புடுடா. முடிஞ்சது முடிஞ்சது." நாலு தடவை, ஐந்து தடவை அப்படி ஆரம்பித்தான். அப்புறம் நிறுத்திக்கொண்டான். எனக்கு நிம்மதியாக இருந்தது. தேறிவிட்டான் என்று நினைத்தேன். அதற்கப்புறம்தான் தூக்கம் போனது, கையைத் தூக்குவது எல்லாம். எதனால் என்று எனக்குப் பிடிபடவில்லை.

விசாரணைக்கு வந்தவர்கள் என்னிடம்தான் முதலில் கேட்டார்கள். ஒன்பது குழி, ஒன்பது வெடி என்று சொன்னேன். ஒன்பதும் வெடித்திருந்தால் பாறையில் தோட்டா எப்படி வந்தது என்று அவர்களே யோசித்தார்கள். மருந்து கிட்டித்தவன் ஒரு தோட்டாவைக் கைதவறிப் பாறை இடுக்கில் விட்டிருக்க வேண்டும் என்று முடித்துவிட்டார்கள். கைதவறினது குற்றமா? யாருக்கும் நடப்பதுதான். வழக்கு கிழக்கு எல்லாம் இல்லை. அவனைத் திட்டக்கூட இல்லை. நானும் ஒரு வார்த்தை அவனைக் கேட்டதில்லை. இன்று வரைக்கும் கேட்டதில்லை.

இப்போது புரிகிறதா? அவன் என்ன நினைக்கிறான் என்றால், வெடித்தது ஒன்பது இல்லை, எட்டு. ஒரு குழி பொய்த்துப்போய் உள்ளேயே இருந்தது, அதைத்தான் சென்றாயனின் கம்பி தொட்டது. குழி பொய்ப்பதற்கு யாரும் காரணம் இல்லை. திரியில் ஈரம் இருந்தால் பொய்க்கும். அப்படியானால் இவன் கையில் தப்பில்லை. ஒன்பதுதான் என்றால் தோட்டாவைத் தவறவிட்டது இவன் கை. எட்டா, ஒன்பதா, அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் சாலா என்னைக் கூப்பிட்டாள்.

டாக்டரம்மா சின்ன வயசு. சாலா வயசுதான் இருக்கும். மரியாதையான பெண். நாற்காலி போட்டு உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, அவனைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டது. "ஐயா, அவரு சின்ன வயசுல இந்த மாதிரி ஏதாவது பாத்திருக்காரா?"

"இல்லீங்கம்மா" என்றேன்.

சாலா சும்மா இருக்கவில்லை. "அவங்கப்பா செத்தது அப்பிடித்தானே டாக்டர். கிணத்துல கிரேன் கயிறு அந்து. இவரு அப்ப மேல நின்னுக்கிட்டிருந்தாராம்" என்று சொல்லிவிட்டாள்.

உண்மைதான். என் அக்கா வீட்டுக்காரர் அப்படித்தான் போனார். மாதேஷுக்கு அப்போது ஆறு வயசு. அம்மாவோடு சோறு கொண்டு வந்தவன். ஆனால் அவன் எதையும் பார்க்கவில்லை. "நான்தாம்மா அவன் கண்ணப் பொத்தினேன்" என்றேன்.

"காதை?" என்றது அந்தப் பெண்.

"எனக்கு ரெண்டு கைதானேம்மா" என்றேன்.

அது சிரிக்கவில்லை. "அப்புறம் அதப் பத்தி அவருகிட்ட யாராவது பேசினீங்களா?" என்றது. பேசுவோமா? அவனும் கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை. அப்பா எங்கே என்றுகூடக் கேட்காத பிள்ளை. அவ்வளவு அடக்கமாக வளர்த்தேன். அதைப் பெருமையாகத்தான் சொன்னேன். அந்தப் பெண் கொஞ்ச நேரம் பேனாவை மூடி மூடித் திறந்தது. அப்புறம் எனக்குப் புரியட்டும் என்று நிதானமாகச் சொன்னது.

"ஐயா, ஒரே கிணறு, ஒரே வெடி. ஒருத்தரு தேறிடறாரு, ஒருத்தரு தேற மாட்டேங்கறாரு. இதுல தைரியம், கோழைத்தனம்னு ஒண்ணும் இல்ல. ஏற்கெனவே அடிபட்ட எடத்துலயே மறுபடி பட்டா ஆறறது கஷ்டம். நான்தான் காரணம், என் கைதான் காரணம்னு ஒருத்தரு உள்ளுக்குள்ளயே சொல்லிக்கிட்டு இருந்தாலும் ஆறாது. அதை வெளிய சொல்லி அழறதுக்கு ஆள் இல்லைன்னா இன்னும் மோசம். அவரு சொல்ல வந்தப்ப கேக்கறதுக்கு..." அதோடு நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது.

படித்த பெண், ஏதோ சொல்கிறது. கேட்கவா ஆள் இல்லை? வீடு முழுக்க ஆட்கள். அவனைத் தனியாக விட்டதே இல்லையே.

அப்புறம் அது என்னைப் பிடித்துக்கொண்டது. "நீங்களும் அங்கதானே இருந்தீங்க. நீங்க எப்படி இருக்கீங்க? தூக்கம் வருதா?" என்று. எனக்கு என்ன, நான் நன்றாக இருக்கிறேன் என்றேன். நன்றாகத்தானே இருக்கிறேன்? வயசுக்குத் தகுந்த தூக்கம். வீட்டில் குக்கர் வேண்டாம், குண்டானிலேயே வடித்துவிடு என்று சாலாவிடம் சொன்னது மாதேஷுக்காகத்தான். அவன் ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகும் குண்டானில்தான் வடிக்கிறோம், அதுதான் சோறு ருசி. கல்யாணத்துக்குப் போவதில்லை, பட்டாசு நாற்றம் எனக்கு ஆகாது. தீபாவளிக்கு மலைமேல் ஒரு பாழும் கோயில், அங்கே போய் இருந்துவிட்டு வந்தேன். பக்தி வருகிற வயசு. இதையெல்லாம் எதற்கு அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டும்? "நோயாளி அவன்மா. என்ன எதுக்குக் கேக்கற?" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை. "நீங்களும் ஒரு நாள் வந்து பேசலாம் ஐயா" என்றது. நானா வருகிறவன்?

அப்புறம் மாதேஷை அழைத்து வந்தார்கள். பாதி ஆளாகிவிட்டான். தோள் எலும்பு சட்டைக்கு மேலே தெரிகிறது. "வா மாமா. சாப்ட்டியா? கணவாயில வண்டி நெரிசலா?" என்று கேட்டான். நல்லபடியாகத்தான் கேட்டான். கையை மட்டும் இரண்டு அக்குளிலும் சொருகி வைத்திருந்தான்.

டாக்டரம்மா சொன்னது, "மாதேஷ், நீங்க கேக்கணும்னு சொன்னதக் கேளுங்க. ஐயா, உங்களுக்குத் தெரிஞ்சதச் சொல்லுங்க. யாரு மேல தப்புன்னு கண்டுபிடிக்கறதுக்கு இல்ல இது."

அவன் கேட்டான். "அன்னிக்கு எத்தினி மாமா?"

"ஒன்பது" என்றேன்.

"நல்லா நெனச்சுப் பாரு மாமா."

"நெனச்சுப் பாக்க இன்னா இருக்குது? கையில கல்லு இல்ல. எல்லாரும் பாத்தீங்களே."

"அன்னிக்கு மேட்டுப்பாளையத்துல கூழ் ஊத்தற பண்டிகை மாமா. அதிர்வேட்டு போட்டுக்கிட்டே இருந்தாங்க."

மேட்டுப்பாளையம் என்றால் ஊட்டிக்குப் போகிற ஊர் இல்லை, எங்கள் ஊருக்கு அடுத்தாற்போல் ஒரு சிற்றூர். ஆமாம், மாரியம்மன் பண்டிகை. அதிர்வேட்டு போட்டார்கள். நான் அதை எப்போது மறுத்தேன்? ஆனால் கோயில் வெடிக்கும் கிணற்று வெடிக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா? கோயில் வெடி மேலே விரிந்து போகும். கிணற்று வெடி அடைத்துக்கொண்டு வரும். ஒன்பதாவது கொஞ்சம் விரிந்துதான் கேட்டது. காற்று அந்தப் பக்கத்திலிருந்து அடித்தது, அதனால். அதைச் சொன்னேன். டாக்டரம்மா தலையை நிமிர்த்திப் பார்த்தது.

அப்போதுதான் அந்தப் பயல் கேட்டான். நான் எதிர்பார்க்கவே இல்லை. "காதுக்கு ஒன்பது, சரி. காலுக்கு எத்தினி மாமா?"

உங்களுக்குப் புரியாது. எங்கள் தொழிலில் காது ஒரு கணக்கு, கால் ஒரு கணக்கு. இரண்டு குழி கிட்டத்தட்ட ஒன்றாக வெடித்தால் காது ஏமாறும். ஆனால் பாறை வழியாக உள்ளங்காலுக்கு ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்து சேரும். முட்டுகிற மாதிரி இருக்கும். தூரத்தில் எவன் வெடி போட்டாலும் காதுக்குத்தான் வரும், காலுக்கு வராது. அதனால் எண்ணுகிறவன் மேலே மண்ணுக்கு வெளியே தலைநீட்டியிருக்கிற பாறையாகப் பார்த்து, வெறுங்காலோடு நின்றுதான் எண்ண வேண்டும். இதை மாதேஷுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். "காதுக்கும் காலுக்கும் ஒத்துப்போனாத்தான்டா கையை விரிக்கணும்" என்று நான் சொன்னதை வைத்தே என்னை மடக்கப் பார்க்கிறான்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எழுந்துவிட்டேன். "காலக் கேட்டு எவன்டா கணக்கு வெப்பான்? ஒன்பதுன்னா ஒன்பதுதான்" என்று சத்தம் போட்டுவிட்டேன். நான் சத்தம் போடுகிறவன் இல்லை. ஆஸ்பத்திரி என்றுகூடப் பார்க்காமல் போட்டுவிட்டேன்.

அவன் என் முகத்தையே பார்த்தான். அப்புறம், "சரி மாமா. அப்ப நான்தான்" என்றான். அவ்வளவு அமைதியாகச் சொன்னான். அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. எழுந்துபோய்க் கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். எனக்கு அது நல்ல அறிகுறியாகத்தான் பட்டது. இத்தனை மாசமாக எட்டா ஒன்பதா என்று அல்லாடிக்கொண்டிருந்தவனுக்கு ஒரு முடிவு கிடைத்துவிட்டது இல்லையா? டாக்டரம்மாதான் வேகமாக அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. என்னை வெளியே இருக்கச் சொன்னது.

வராந்தாவில் சாலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணம் ஆனதிலிருந்து அவள் என் கையைத் தொட்டதில்லை. "அப்பா, உள்ள போயி பொய்யாவாச்சும் எட்டுன்னு சொல்லிருப்பா. என் புள்ளைக்காகச் சொல்லுப்பா" என்றாள். "பொய் சொல்லி எனக்குப் பழக்கம் இல்லம்மா" என்றேன். அவள் கையை விட்டுவிட்டாள். நான் வந்து பஸ் ஏறிவிட்டேன்.

கணவாய் வந்துவிட்டது. காது அடைக்கும், எச்சிலை விழுங்கிக்கொள்ளுங்கள்.

என்ன பார்க்கிறீர்கள்? கேட்க நினைக்கிறதைக் கேட்டுவிடுங்கள், தம்பி. நீங்களும் அதைத்தானே கேட்கப் போகிறீர்கள்? காலுக்கு எத்தனை என்று.

உங்களிடம் சொல்வதற்கு என்ன? பாப்பிரெட்டிப்பட்டியில் இறங்கிப் போய்விடுவீர்கள். நீங்கள் யாரோ, நான் யாரோ.

எட்டு.

ஆனால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அன்றைக்கு நான் செருப்புப் போட்டிருந்தேன். சாலா வாங்கித் தந்த புதுச் செருப்பு, அடி கனமானது. பகல் வெயிலில் பாறை கொதித்ததால் கழற்றாமல் நின்றுவிட்டேன். செருப்புக் காலுக்கு ஒன்று குறையத்தானே செய்யும்? ஒன்பதும் வந்திருக்கும், ஒன்றைச் செருப்பு வாங்கிக்கொண்டிருக்கும். மற்ற எட்டும் செருப்பைத் தாண்டி நன்றாகத்தான் வந்தன என்கிறீர்களா? ஆமாம், வந்தன. அது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒன்பதுதான்.

எதற்குப் போனை எடுக்கிறீர்கள்? வேண்டாம், உள்ளே வையுங்கள். அவன் நோயாளி. அவனிடம் போய் எட்டு, செருப்பு, அதிர்வேட்டு என்று ஆரம்பித்தால் குழம்பிப்போவான். இப்போதுதான் அமைதியாகப் படுத்திருக்கிறான். சாலாவிடம் மட்டுமா? சாலாவிடம் சொன்னால் அவள் சும்மா இருப்பாளா?

அவள் நம்பர் எனக்கு மனப்பாடம். போனைப் பார்க்காமலே சொல்வேன். சரியாகத்தான் சொல்கிறேனா என்று வேண்டுமானால் போட்டுப் பாருங்கள். ஒன்பது, ஏழு... போட்டீர்களா? ஒன்பது, ஏழு, எட்டு... மெதுவாகவே சொல்கிறேன்... கடைசியில் இரண்டு சைபர். பத்து எண்ணும் வந்துவிட்டதா? பார்த்தீர்களா, கணக்கில் நான் தவறுகிறவன் இல்லை. சரி, அழித்துவிடுங்கள். கூப்பிட்டுக் கீப்பிட்டுவிடாதீர்கள். அழித்தீர்களா? வண்டி குலுக்கலில் விரல் சரியாகப் படவில்லையா? பரவாயில்லை, இறங்கிய பிறகு அழித்துக்கொள்ளுங்கள்.

பாப்பிரெட்டிப்பட்டி வந்துவிட்டது. பையை எடுத்துக்கொள்ளுங்கள்.

என் காலையா பார்க்கிறீர்கள்? ஆமாம், வெறுங்கால்தான். அதற்கப்புறம் செருப்புப் போடுவதில்லை. படுத்திருக்கும்போதுகூட ஒரு பாதம் தரையில் இருக்க வேண்டும் எனக்கு. அப்படியே பழகிவிட்டது. எதற்கு என்றால், பாக்கி ஒன்று இருக்கிறதே, அதற்குத்தான். அதுதான் மறுநாள் காலையிலேயே வந்துவிட்டதே என்று நீங்கள் சொல்வீர்கள். உங்களுக்கெல்லாம் வந்தது. சென்றாயனுக்கு வந்தது. மாதேஷுக்கு வந்தது. எனக்குக் காதுக்கும் கேட்கவில்லை, காலுக்கும் தெரியவில்லை. எனக்கு அது இன்னும் வரவில்லை, தம்பி.

பார்த்து இறங்குங்கள். வண்டி நிற்கட்டும்.